கால்களுக்குத் திரும்பிய கிரிவீதி

பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டது என்பதை எங்கள் ஊரான தொப்பம்பட்டியில் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தாராபுரம் சாலையில் விடிகாலை நாலு மணிக்கே காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கொடுமுடியில் காவிரித் தண்ணீரைக் கலசத்தில் முகந்து, காவடியில் கட்டிக்கொண்டு, கொங்கு நாட்டின் ஊர்களைத் தாண்டி நடந்து வருகிறவர்கள் அவர்கள். தை மாதத்தில் கிழக்கேயிருந்து காரைக்குடி நகரத்தார் ரத்தினவேலோடும் சர்க்கரைக் காவடியோடும் வருவார்கள். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் எல்லாருடைய நடையும் போய் முடிகிற இடம் ஒன்றுதான்: பழனி மலையைச் சுற்றி ஓடும் கிரிவீதி. மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான சுற்று.

அந்த வீதியில் 2024 மார்ச் 8 முதல் தனியார் வாகனங்கள் போவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இட்ட உத்தரவின்படி முதலில் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. பிறகு வீதியின் வாய்களில் தடுப்புகள் நின்றன, கார்களும் வேன்களும் வெளியே நிறுத்தப்பட்டன. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு இதைக் கண்காணித்தது. நடக்க இயலாதவர்களுக்காகத் தேவஸ்தானம் கட்டணமில்லாமல் பேட்டரி கார்களையும் சிறிய பேருந்துகளையும் ஓட்டுகிறது.

தமிழ்நாட்டில் ஒரு பழைய வீதியை முழுச் சுற்றாகவே நடப்பவர்களுக்கு ஒதுக்கிய முயற்சிகள் மிகக் குறைவு. திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு அங்கே போக்குவரத்தை மாற்றிவிடுகிறார்கள், மற்ற நாட்களில் அது லாரியும் பஸ்ஸும் ஓடுகிற சாலை. பழனியில் வருடம் முழுக்க, இரவும் பகலும் தடை. அதனால்தான் இங்கே நடந்ததையும் நடக்காததையும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய ஊர்ப்பகுதிகளைக் காப்பாற்ற வாகனங்களை வெளியேற்றலாமா என்று யோசிக்கும் எந்த ஊருக்கும் பழனியிடம் பாடம் இருக்கிறது.

முதலில், கிரிவீதி எப்படிப்பட்ட வீதி என்பதைச் சொல்லிவிட வேண்டும். மற்ற வீதிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்காகப் போடப்பட்டவை. கிரிவீதி அப்படி எங்கேயும் கொண்டுபோய் விடுவதில்லை. பாத விநாயகரைக் கும்பிட்டுவிட்டு மலையை வலமாகச் சுற்றத் தொடங்கினால், தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்போம். நடப்பதற்கென்றே உண்டான வீதி அது. வழியில் கல் மண்டபங்களும் மயில் சிலைகளும் இருக்கின்றன. திருமுருகாற்றுப்படை பெயர் சொல்லிப் பாடிய திருஆவினன்குடி இதே அடிவாரத்தில்தான் இருக்கிறது. ஊர்க் கோயில்களும் சமூக மடங்களும் சத்திரங்களும் இந்தச் சுற்றை ஒட்டித்தான் வளர்ந்தன.

சித்திரை கடைசி ஏழு நாளும் வைகாசி முதல் ஏழு நாளும் அக்னி நட்சத்திரக் கிரிவலம் நடக்கும். பழனிக்காரர்களுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் இது தைப்பூசத்தைவிட நெருக்கமான விழா என்று எனக்குத் தோன்றும். வெளியூர்க் கூட்டத்தை நம்பி நடக்காமல், உள்ளூர்க்காரர்களே கொண்டாடும் விழா அது. விடிகாலையிலும் மாலையிலும் குடும்பம் குடும்பமாகச் சுற்றுவார்கள், பெண்கள் தலையில் கடம்பப் பூ இருக்கும். அந்த நாட்களில் மலை மூலிகைக் காற்று உடம்புக்கு நல்லது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. எந்தத் தொல்லியல் பட்டியலிலும் இந்தப் பழக்கத்துக்கு இடம் கிடையாது. மண்டபத்தைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது, கல்வெட்டைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து ஒரே திசையில் நடக்கும் பழக்கத்தைக் காப்பாற்ற எந்தத் துறையிடமும் கோப்பு இல்லை. கிரிவீதியின் மிகப் பழைய சொத்து அதுதான் என்பது என் கருத்து.

இப்படி இருந்த வீதிக்கு வண்டி எப்படி வந்தது? பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பேருந்து நிலையத்திலிருந்து அடிவாரத்துக்குக் குதிரை வண்டியில் வந்து இறங்குவார்கள். அங்கிருந்து எல்லாமே கால்தான்: ஏற 693 படி, அது முடியாதவர்களுக்கு யானைப்பாதை. 1966இல் மேற்கு கிரிவீதியில் வின்ச் என்ற இழுவை ரயில் வந்தது. 2004 நவம்பரில் தெற்கு கிரிவீதியில் ரோப் கார் வந்தது. இரண்டும் முதியவர்களுக்குப் பெரிய உதவி, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மலை ஏறுவதற்கு எந்திரம் வந்ததும், அந்த எந்திரத்தின் வாசல்வரை காரில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. மலையைச் சுற்றும் பாதை மெல்ல மெல்ல இரண்டு நிலையங்களுக்குப் போகும் சாலையாகவும், அவற்றுக்கு வரும் கார்களை நிறுத்தும் இடமாகவும் மாறிற்று. வண்டி நின்ற இடத்தில் கடை முளைத்தது, கடை முன்னால் தட்டி நீண்டது, தட்டிக்கு முன்னால் இன்னொரு தள்ளுவண்டி நின்றது. கிரிவலம் சுற்றுகிறவர் சுற்றுலா வேனின் பின்புறத்துக்கும் கடையின் முன்புறத்துக்கும் நடுவே ஒற்றை ஆளாக நெளிந்து போக வேண்டியதாயிற்று. காவடியைத் தோளில் தூக்கியவர் அந்த இடைவெளியில் போகவே முடியாது. விசேஷ நாளில் ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு.

ஆக, உயர் நீதிமன்றத்தின் உத்தரவு சரியான உத்தரவு. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று மாலையில் கிரிவீதியில் நடந்து பார்த்தால் முதலில் தெரிவது சத்தம் இல்லாமை. பேசிக்கொண்டு நடக்க முடிகிறது. குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்க முடிகிறது. நம் ஊர்களில் எந்தப் பெற்றோருக்கும் சாலையில் கிடைக்காத நிம்மதி இது.

ஆனால் தடை வந்த ஆண்டே பழனியில் கடையடைப்பும் நடந்தது. வியாபாரிகள் மட்டும் கோபப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. கிரிவீதியோடு வந்து சேரும் குறுக்குத் தெருக்களின் வாயை அடைத்ததுதான் குடியிருப்பவர்களைப் பாதித்தது. கிரிவீதி ஒரு வளையம். ஊரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். வளையத்தை அடைத்தால் அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தெருவும் முட்டுச்சந்தாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற அப்பா, வீட்டுக்குக் கேஸ் சிலிண்டரை எதிர்பார்க்கிற அம்மா, டயாலிசிஸுக்குப் போகிற தாத்தா என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு மாறிப்போயிற்று. வீதி தேவஸ்தானத்துக்கா நகராட்சிக்கா என்ற வழக்கும் இதன் மேல் வந்து உட்கார்ந்தது. நடப்பவருக்கு நல்லது செய்யப்போய், பக்கத்தில் குடியிருப்பவரை எதிராளி ஆக்கிக்கொண்டோம்.

இப்படி ஆகும் என்பது புதிய விஷயமே இல்லை. 1962 நவம்பரில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயட் என்ற கடைத்தெருவில் கார்களை நிறுத்தியபோதும் வியாபாரிகள் பதறினார்கள். பின்னாளில் உலகமே பார்க்க வரும் தெருவாயிற்று அது. ஆனால் கோபன்ஹேகனை நமக்கு உதாரணமாகக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அது தலைநகரம், பணக்கார ஊர், குளிர்ப் பிரதேசம். நமக்குப் பொருத்தமான ஊர் வேறு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மதுரைக்குப் போவோம்.

மதுரையின் வீதிகள் மாதங்களின் பெயரைத் தாங்கியவை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி, கோயிலை ஒட்டிச் சித்திரை, அடுத்து ஆவணி மூலம், அதற்கும் வெளியே மாசி. சாமி எந்த மாதத்தில் எந்த வீதியில் உலா வந்தாரோ அதுவே வீதிக்கும் பெயர் என்ற பழைய ஏற்பாடு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளி வீதிகள் உண்டாயின. இடிக்கும் வேலையைச் செய்தவர்களின் பெயர் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் நிற்கிறது. இந்த அடுக்கில் கோயிலை ஒட்டிய நான்கு சித்திரை வீதிகளில் இப்போது வாகனங்கள் இல்லை. கல் பாவியிருக்கிறார்கள். மாலையில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பது மதுரைக்காரர்களுக்குப் பழகிவிட்டது.

நான்கு வீதிகளிலும் கிடைத்த அமைதியின் விலையை அடுத்த வளையம் கொடுத்தது. சித்திரை வீதியில் நிற்க முடியாத வண்டி ஆவணி மூல வீதியில் போய் நின்றது. அதைச் சமாளிக்க வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினார்கள். ஊருக்கு நடுவே நிறுத்துமிடம் கட்டினால் வண்டிகள் ஊருக்கு நடுவேதான் வரும். இது என்னை உறுத்துகிற விஷயம்.

மதுரையில் இன்னொன்றும் நடந்தது. கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் நெடுங்காலம் சந்தையாகவே இருந்தது. தூணுக்குத் தூண் தையல் மிஷின். கண் எதிரே துணியை அளந்து, வெட்டி, தைத்துக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்திலேயே பழைய புத்தகம், பஞ்சாங்கம், வளையல், பாத்திரம், சாமி அலங்காரத்துக்கான ஜரிகை எல்லாம் கிடைக்கும். மண்டபத்தின் சிற்பங்களைப் பாதுகாக்க அந்தக் கடைக்காரர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களுக்கு அது நல்லதுதான். ஆனால் தையல்காரரின் கை வேலையும் அந்த இடத்தின் வரலாறுதானே என்ற கேள்வி போகவில்லை. கல்லைக் காப்பாற்றும்போது கல்லின் நிழலில் பிழைத்தவர்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மதுரைக்கு வெளியேயும் இப்படி முயற்சிகள் உண்டு. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதையும் உட்கார பெஞ்சுகளும் அங்கே வந்தன. வண்டிகள் நிற்கவில்லை, அவற்றின் வழி குறுகியது, அவ்வளவுதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடைபாதை வியாபாரிகள் தனிக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டிருந்தார்கள். தில்லியின் சாந்தினி சௌக்கில் செங்கோட்டையிலிருந்து ஃபத்தேபுரி மசூதி வரை 1.3 கிலோமீட்டர் நீளத்தில், காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. 2021 செப்டம்பரில் திறந்தார்கள். சைக்கிள் ரிக்‌ஷா உண்டு, சரக்கு இரவில் வரும். திட்டம் நல்ல திட்டம். கண்காணிப்பு தளர்ந்ததும் இருசக்கர வாகனங்கள் மெதுவாக உள்ளே நுழைந்தன. புதுச்சேரியின் கடற்கரைச் சாலை எந்தப் பெரிய செலவும் இல்லாமல் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை மனிதர்களுக்கு மட்டும் என்று மாறுகிறது. தடுப்பை வைக்கிறார்கள், எடுக்கிறார்கள். எளிமையான ஏற்பாடு என்பதாலேயே இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது நான் சொன்ன அந்த இன்னொரு ஊர். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பொந்தெவெத்ரா. மக்கள்தொகை சுமார் 80,000. 2011 கணக்கெடுப்பில் பழனி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 70,000. கிட்டத்தட்ட ஒரே அளவு. இன்னொரு ஒற்றுமை மனதைத் தொடுவது: பொந்தெவெத்ராவும் பாதயாத்திரை ஊர்தான். போர்ச்சுகல் பக்கமிருந்து சந்தியாகோ என்ற புனிதத் தலத்துக்கு நடந்து போகிறவர்களின் வழி அந்த ஊருக்குள் போகிறது. யாத்திரிக மாதா என்ற பெயரிலேயே அங்கே ஒரு கோயில் இருக்கிறது.

1999இல் லோரெஸ் என்ற மருத்துவர் மேயராக வந்தார். பொந்தெவெத்ராவின் பழைய ஊர் அப்போது கார்களால் மூச்சு முட்டிக் கிடந்தது. ஊரைக் கடந்து வேறெங்கோ போகிற வண்டி, நிறுத்த இடம் தேடி வட்டமடிக்கும் வண்டி என்ற இரண்டு வகைதான் நெரிசலில் பெரும்பங்கு என்று அவரும் அவருடைய நிர்வாகமும் கண்டார்கள். முதல் வகைக்கு ஊருக்குள் வழி இல்லாமல் செய்தார்கள். இரண்டாம் வகைக்கு ஊரின் விளிம்பில் கட்டணமில்லாத நிறுத்துமிடம் கொடுத்தார்கள், அங்கிருந்து நடக்கும் தூரம் என்று. பழைய ஊர் முழுக்கக் கருங்கல் பாவினார்கள், நடைபாதை, சாலை என்ற மேடுபள்ளம் இல்லாமல் ஒரே மட்டமாக.

முக்கியமானது, யாரை உள்ளே விட்டார்கள் என்பது. சொந்த வீட்டில் கார் நிறுத்த இடம் உள்ள குடியிருப்பாளருக்கு வழி உண்டு. கடைச் சரக்கு குறித்த நேரத்தில் வரலாம். மாற்றுத்திறனாளிக்கும் ஆம்புலன்ஸுக்கும் எப்போதும் வழி உண்டு. எல்லாரும் நடப்பவரின் வேகத்துக்குத்தான் போக வேண்டும். 2011இல் மெட்ரோ ரயில் வரைபடத்தைப் போலவே ஒரு படம் அச்சிட்டார்கள். நிலையங்களுக்குப் பதில் ஊரின் முக்கிய இடங்கள், அவற்றுக்கு நடுவே நடக்க எத்தனை நிமிடம் என்ற எண். எட்டு நிமிடம் என்று எழுதிப் பார்த்த பிறகுதான், வண்டி எடுக்க வேண்டியதில்லை என்பது பலருக்கு உறைத்தது.

பழனியிலும் இதைச் செய்யலாம். பேருந்து நிலையத்திலிருந்து அடிவாரம், அடிவாரத்திலிருந்து வின்ச், வின்ச்சிலிருந்து ரோப் கார், திருஆவினன்குடியிலிருந்து பெரியநாயகியம்மன் கோயில். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று ஒரு பலகை போதும். வெளியூரிலிருந்து முதல்முறை வருகிறவர் ஆட்டோவில் ஏறுவது தூரத்துக்காக இல்லை, தூரம் எவ்வளவு என்று தெரியாததால்தான்.

பொந்தெவெத்ராவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே யாத்திரிகர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறார். இங்கே வெறுங்கால். நடைபாதை வடிவமைப்பைப் பற்றி எழுதப்படும் புத்தகங்களில் வெறுங்காலுக்கு இடமே கிடையாது. நம்முடைய வரலாற்று வீதிகளில் பெரும்பாலானவை வெறுங்கால் வீதிகள்.

சித்திரை மாத உச்சி வெயிலில் கிரிவீதி ஓரமாகப் பத்து நிமிடம் நின்று கால்களை மட்டும் பாருங்கள். குதிகாலை ஊன்றாமல் விரலால் நடப்பவர்கள், தார்ச்சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒற்றையடியாக நடப்பவர்கள், மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு ஓடி நின்று மூச்சு வாங்குபவர்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு சிறுவன், அப்பாவின் பாதத்தின் மேல் தன் இரண்டு பாதங்களையும் வைத்து ஏறி நின்றுகொள்கிறான். அப்பா அசையாமல் நிற்கிறார். சுடுவது அவருக்குச் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வண்டிகளை வெளியேற்றிய பிறகு இந்த வீதியின் முதல் தேவை நிழல். கடம்பும் வேம்பும் புங்கனும் இந்த மண்ணுக்கு ஒத்து வரும் மரங்கள். கடம்பு முருகனுக்கு உரிய மரமும்கூட. கார் நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஒரு மரம் வைத்தால், பத்து வருடத்தில் அக்னி நட்சத்திரத்தில் சூடும் பூ கிரிவீதியிலேயே பூக்கும். மரம் வளரும்வரை தென்னை நார் விரிப்பு, சூட்டைக் குறைக்கும் வெள்ளைப் பூச்சு, தண்ணீர் தெளித்தல் என்று மற்ற கோயில்களில் செய்வதை இங்கே முழுச் சுற்றுக்கும் செய்ய வேண்டும். பேவர் பிளாக் கல்லைப் பதித்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடக் கூடாது. வெயிலில் அது தாருக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

இனி வியாபாரிகள். ஆக்கிரமிப்பை அகற்றுதல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வகை மனிதர்களை அடைத்துவிடுகிறோம். கடைக்கு முன்னால் பத்தடி இழுத்துக் கூரை போட்ட கட்டடக்காரர் ஒருவர். கூடையில் பூவும், தட்டில் கற்பூரமும், கையில் ஊதலும் பொம்மையும் வைத்து விற்கிறவர் இன்னொருவர். முதலாமவருக்கு நீதிமன்றம் போக வக்கீல் உண்டு, இரண்டாமவருக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. பாதையோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்காகத்தான் வந்தது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. ஊரின் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. 50 ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரிகள் கூடி விற்கும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். பாரம்பரியம் என்ற சொல்லைக் கோபுரத்துக்குத் தருகிறோம். சட்டம் அதைப் பூக்காரம்மாவுக்கும் தருகிறது. பழனி அடிவாரத்தில் நடக்கும் வியாபாரத்தின் வயது 50க்கு எவ்வளவோ அதிகம். பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு ஊரே மகிழ்ந்தது. அந்த ஊரின் அடிவாரத்தில் தலைமுறையாகக் கூடை வைத்தவர்களுக்கும் ஓர் எண், ஓர் இடம், ஓர் அட்டை கொடுப்பது பெரிய காரியமில்லை. வளையத்தின் ஓரத்தில், நடைக்குக் குறுக்கே வராமல், நிழலோடு சிறு சிறு விற்பனை இடங்கள் அமைத்தால் நடப்பவருக்கும் நல்லது. தண்ணீர் வேண்டும்போது விற்க ஆள் இருப்பார். இரவு பத்து மணிக்குத் தனியாகச் சுற்றும் பெண்ணுக்கு, வீதியில் ஆள் இருப்பதே பாதுகாப்பு. கடைகளை முழுக்கத் துடைத்தெடுத்த வீதி ராத்திரியில் பயமுறுத்தும்.

குறுக்குத் தெருக்களின் பிரச்சினைக்கும் தீர்வு இல்லாமல் இல்லை. அங்கே குடியிருப்பவர்களின் வண்டிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கலாம். விடிகாலையில் குறித்த இரண்டு மணி நேரம் சரக்கு வண்டிகளை விடலாம். வளையத்தைக் கடந்து போக மட்டும் சில இடங்களில் வழி திறந்து, நடப்பவருக்கே முன்னுரிமை என்று வைக்கலாம். பிடிவாதமாக எல்லா வாயையும் மூடுவதாலோ, எதிர்ப்புக்குப் பயந்து எல்லாவற்றையும் திறந்துவிடுவதாலோ வீதி பிழைக்காது. நகராட்சியும் தேவஸ்தானமும் குடியிருப்போரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தெரு தெருவாகப் பேசியிருந்தால் கடையடைப்பு தேவைப்பட்டிருக்காது. நீதிமன்றத்தால் வண்டியை நிறுத்த முடியும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் பால் வண்டி வர வேண்டும் என்பதை அந்தத் தெருக்காரர்கள்தான் சொல்ல முடியும்.

பேட்டரி கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவை வேண்டும், கட்டணம் இல்லாமலே வேண்டும். கூட்ட நாளில் வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்தால் அந்த உதவி பாதிதான். நல்ல கால் உள்ளவர்கள் அந்த இருக்கையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் நம் பொறுப்பு.

கிரிவீதியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, தொப்பம்பட்டிக்குத் திரும்பி வராமல் முடிக்க முடியாது. நடப்பவருக்கு மதிப்பு கொடுப்பது அந்த வளையத்துக்குள் மட்டும் என்றால், அது அரைகுறை மதிப்பு. கொடுமுடியிலிருந்து வருகிறவர் நாள்கணக்கில் நடக்கிறார். வண்டிக்குப் பயப்படாமல் அவர் நடப்பது கடைசி மூன்று கிலோமீட்டர் மட்டும்தான். அதற்கு முந்தைய தூரமெல்லாம் தார்ச்சாலையின் ஓரத்தில், டிப்பர் லாரியின் காற்று முகத்தில் அறைய, இருட்டில். திண்டுக்கல் சாலையில் பல இடங்களில் பாதயாத்திரைக்கென்று கல் பதித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்ல வேலை. அது தொடர்ச்சியாக இல்லை என்பதுதான் குறை. கடைக்காரர் வண்டி நிறுத்துகிற இடத்திலும், சாலை விரிவாக்கம் நடந்த இடத்திலும் நடைபாதை காணாமல் போய்விடுகிறது, நடப்பவர் தாருக்கே இறங்க வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்கு முன்னால் போலீஸார் ஒளிரும் குச்சிகளையும் முதுகில் ஒட்ட ஒளிரும் பட்டைகளையும் கொடுக்கிறார்கள். இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாக மின்மினி வருவது போல் இருக்கும். பார்க்க அழகு. அந்தப் பட்டை எதற்கு என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசையும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. அந்த உரிமை பழனி அடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. தாராபுரம் சாலையிலும் அது உண்டு. தொப்பம்பட்டிக் கடைவீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் உண்டு.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு முன்னால் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். தாராபுரம் சாலையின் ஓரத்தில், ஊர்களுக்குள் விட்டுப்போகாமல், ஆறடி அகலத்துக்கு மண் நடைபாதையாவது போட வேண்டும். கல் வேண்டாம், வெறுங்காலுக்கு மண்ணே நல்லது. அதன் ஓரத்தில் வேம்பும் புங்கனும் நட வேண்டும். கிரிவீதியில் கார்கள் நின்ற இடங்களில் கடம்பு நட வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் தேவஸ்தானமும் ஊராட்சி ஒன்றியமும் நினைத்தால் இந்த மழைக்காலத்திலேயே குழி தோண்டிவிடலாம். கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் ஊரில் ஆள் இருக்கிறோம்.